முப்பத்திரண்டுக்கும் ஒரு மாஷா அல்லாஹ்

பல் டொக்டருக்குப் பக்கத்தில் நின்று எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடிக்கிற வேலையில் ஒரு கொடுமை இருக்கிறது: ஊரெல்லாம் வந்து வாயைத் திறந்து தன்னிடம் இருப்பதைக் காட்டும், நாம் மட்டும் நம்முடையதை மூடிக்கொண்டு நிற்க வேண்டும்.

நகைக்கடையில் நாளெல்லாம் தங்கம் காட்டிவிட்டு வெறுங்கழுத்தோடு வீட்டுக்குப் போகிற பிள்ளைகளே, பிரியாணிக் கடையில் பரிமாறுகிற அல்சர்காரர்களே, நீங்களெல்லாம் என் கட்சி. உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களும் தாராளமாக வாசிக்கலாம். ஆனால் சிரிப்பு வந்தால் தயவுசெய்து பல்லைக் காட்டாமல் சிரியுங்கள்.

என் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாலு வயதில் எனக்கு இரத்தப் புற்றுநோய் வந்தது. உம்மா என்னைத் தூக்கிக்கொண்டு கொழும்புக்குப் போனா. மருந்து, ஊசி, தலைக்குக் கதிர்ச் சிகிச்சை என்று காலம் போனது. சுகமாகி வந்தேன், அல்ஹம்துலில்லாஹ். கொட்டின முடி முன்னையைவிட அடர்த்தியாக வளர்ந்தது. சொந்தக்காரரெல்லாம் வந்து பார்த்துவிட்டு, முடிந்தது என்று சொல்லிப் போனார்கள். முடியவில்லை. அந்த வயதில் பெரிய பற்கள் முரசுக்குள்ளே, அதாவது ஈறுக்குள்ளே, உருவாகிக்கொண்டிருக்குமாம். நோயை அழிக்கப் போன மருந்து போகிற வழியில் அவற்றையும் ஒரு கை பார்த்துவிட்டது. எனக்குச் சில பற்கள் முளைக்கவே இல்லை. சில முளைத்தன, ஆனால் அரிசிக் குருணை அளவுக்கு. ஒழுங்காகத் தெரிகிற பற்களுக்கும் வேர் கட்டை. எச்சில் ஊறுவதும் குறைவு.

மேலே முன்னால் இருக்கிற இரண்டும் மட்டும்தான் பார்வைக்கு மனுசப் பல். அவை நிற்கும்வரைக்கும் எனக்குச் சின்ன வயதில் என்ன வந்தது, ஏன் இப்படி என்று யாருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. அவையும் ஆடத் தொடங்கிவிட்டன. அந்த இரண்டும் நிற்க வேண்டும் என்பதுதான் ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் என் துஆ.

பக்தியான பிள்ளை

அடுத்தவரிடம் இருக்கிற நல்லதைப் பார்த்து மனம் எரிந்தால் உடனே மாஷா அல்லாஹ் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் கண்ணூறு பட்டு அது கெட்டுப்போகும், பாவம் நம் தலையில் விடியும் என்று உம்மா சின்னதிலேயே சொல்லித் தந்திருக்கிறா. நல்ல பழக்கம்தான். ஆனால் பல் கிளினிக்கில் நிற்கிற ஒருத்திக்கு அது தனியாக ஒரு உத்தியோகம். வாய் திறந்ததும் உள்ளே ஒரு ஊர்வலம் நிற்கும். கடைவாய்ப் பல்லைப் பார்த்தால் தடித்து, அகன்று, எதையும் அரைத்துவிடுவேன் என்று உட்கார்ந்திருக்கும். வயிறு பற்றி எரியும். மாஸ்க்குக்குள்ளே மாஷா அல்லாஹ் என்பேன். டொக்டர் வெளிச்சத்தை அடுத்த பக்கம் திருப்புவா. அதற்கும் ஒன்று சொல்வேன்.

எங்கள் டொக்டர் கல்முனைத் தமிழ் ஆள், மெதடிஸ்த கிறிஸ்தவர். கடவுள் பயம் உள்ளவ. என் மாஸ்க் ஓயாமல் அசைவதைக் கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறா. ஒரு நாள் கை கழுவும்போது, முன் மேசையில் இருந்து பெயர் பதிகிற பர்வினிடம் என்னைப் பற்றிப் பெருமையாகக் கதைத்தா. நான் உள்ளே கருவிகளை அடுக்கிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். "வாற ஒவ்வொரு நோயாளிக்காகவும் அந்தப் பிள்ள வாய்க்குள்ளயே ஜெபிக்குது பர்வின். அப்படி ஒரு மனசு எனக்கு இல்ல."

பக்கத்தில் ஒன்று

கல்முனைக்குடியிலிருந்து ஒரு மீன்பிடிக்காரக் காக்கா வந்தார் (அண்ணன் முறைக்கு நாங்கள் காக்கா என்போம்). ஐம்பதைத் தாண்டின ஆள். ஒரு பல்லின் ஓரம் உடைந்து நாக்கைக் கீறுகிறது, அதைக் கொஞ்சம் தேய்த்துவிட்டால் போதும், கடலுக்குப் போக வேண்டும் என்று அவசரப்பட்டார். வாயைத் திறந்தார். யா அல்லாஹ், முப்பத்திரண்டும் இருந்தன. வெற்றிலைக் கறை அடியிலிருந்து நுனிவரைக்கும் ஏறியிருந்தது, ஆனால் ஒன்றுகூட அசையவில்லை. எப்படி உடைந்தது என்று டொக்டர் கேட்டா. வலைக்குப் போடுகிற தங்கூசி நூலை அந்தப் பல்லால்தான் கடித்து அறுக்கிறாராம். தோணி எஞ்சினில் நட்டு இறுகிவிட்டால் அதற்கும் ஒரு கடி. சோடாப் போத்தல் மூடி திறப்பதும் அதே பல்தானாம். நான் மெத்தென்ற பாண் துண்டைக்கூட தேத்தண்ணியில் தோய்த்துத் தின்கிறவள். எனக்கு வந்த ஆத்திரத்தில் மாஷா அல்லாஹ் சொல்ல மறந்துபோனேன். மறந்தேன் என்று சொல்வதுகூட பொய், சொல்ல மனம் வரவில்லை.

அடுத்த கிழமை அதே ஆள் அதே பல்லைப் பாதியில் முறித்துக்கொண்டு வந்து நின்றார். போத்தல் மூடிதான் முறித்தது என்று அவர் சொன்னார். என் கண்தான் முறித்தது என்று எனக்குத் தெரியும். மிச்சத்தை டொக்டர் பிடுங்கி முடிக்கும்வரைக்கும் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டபடியே குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பஞ்சைக் கடிக்கக் கொடுக்கும்போது கண் கலங்கியபடி, கவலைப்படாதீங்க காக்கா என்று மெதுவாகச் சொன்னேன். அந்த மனிதர் பஞ்சைக் கடித்தபடியே எனக்கு ஆறுதல் சொன்னார். "இதுக்கென்ன தங்கச்சி, பக்கத்தில ஒண்டு சும்மாதானே நிக்கிது."

கம்பி

சனிக்கிழமைகளில் கம்பி போடுகிற டொக்டர் வெளியூரிலிருந்து வருவார். அன்றைக்கு அக்கரைப்பற்றுப் பக்கமிருந்தும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்து வாசல் நிறைந்துவிடும். ஒரு பல் கொஞ்சம் முன்னுக்கு நின்றால் கம்பி, கொஞ்சம் விலகி நின்றால் கம்பி. நானும் ஒரு காலத்தில் கேட்டேன். முன்பல் இரண்டுக்கும் நடுவில் இடைவெளி இருந்தது, அதை மூடினால் வடிவாக இருக்கும் என்று ஒரு ஆசை. எங்கள் டொக்டர் உடனே இல்லை என்று சொல்லவில்லை. என் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் வைத்து, பக்கத்தில் வேறு யாரோ ஒருவருடையதையும் வைத்தா. அவருடைய வேர்கள் நீளமாக எலும்புக்குள் இறங்கி நின்றன. என்னுடையதில் பல் இருந்தது, வேர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்ன முனை இருந்தது. நேற்று நட்ட கத்தரிக்கண்டு போல இருக்கிறது, கம்பி போட்டு இழுத்தால் கையோடு வந்துவிடும் என்று சொன்னா. அதற்குப் பிறகு நான் அந்தக் கதையை எடுக்கவில்லை. ஆனால் பாருங்கள், கம்பியில் மாட்டுகிற சின்ன ரப்பர் வளையங்களைத் தட்டில் வைத்துக்கொண்டு, பச்சை வேணுமா ஊதா வேணுமா என்று ஒவ்வொரு பிள்ளையிடமும் கேட்கிற வேலை எனக்குத்தான் விழுந்தது.

ஒரு சனிக்கிழமை, உயர்தரம் படிக்கிற ஒரு பிள்ளை அழுதுகொண்டே இருந்தாள். குடும்பத்தில் கலியாணம் வருகிறதாம், இந்தக் கம்பியோடு போட்டோவில் எப்படி நிற்கிறது என்று கேட்டாள். எனக்கு அவளை உலுக்க வேண்டும் போல இருந்தது. இழுத்தால் வராத பல் உனக்கு இருக்கிறதே, அதற்கு நன்றி சொல்லடி என்று நாக்கு நுனிவரைக்கும் வந்தது. அடக்கிக்கொண்டு தட்டை நீட்டி, என்ன நிறம் என்று கேட்டேன். மாஸ்க்குக்கு மேலே தெரிந்த என் கண்ணை அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். "ஒங்களுக்கென்ன ராத்தா, கம்பி போடாமலே தப்பிட்டீங்க."

நோன்பு

வருடத்தில் ஒரு மாதம் எனக்கு யார்மீதும் பொறாமை வராது. நோன்பு வந்தால் ஊரே வாய் காய்ந்து, நாக்கு மேலே ஒட்டி, உதட்டைத் தடவிக்கொண்டு திரியும். எனக்கு அது வருடம் முழுக்க. மற்ற மாதங்களில் தண்ணீர்ப் போத்தல் இல்லாமல் ஒழுங்கை முனைக்குக்கூட நான் போவதில்லை. எச்சில் குறைந்த வாயில் பல் சீக்கிரம் பழுதாகிவிடும், அதனால் இனிப்பும் எனக்குத் தூரம். ஒரு நாள் பின்னேரம், அஸர் தொழுகை நேரம், பர்வின் மேசையில் தலையைச் சாய்த்துக்கொண்டு, தொண்டை ஒட்டுகிறது, கதைக்கவே ஏலாது, மனுசர் இப்படி எப்படி இருக்கிறது என்று புலம்பினாள். நான் பெரிய அனுபவஸ்தியாக ஆலோசனை கொடுத்தேன்: மூக்கால் மூச்சு விடு, கதையைக் குறை, வெயிலுக்குள் போகாதே. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு எரிச்சலோடு நிமிர்ந்தாள். "ஒனக்கு லேசு புள்ள, நீ நோன்பு பிடிக்காட்டியும் நோன்பாளிதான்."

அரிசியில் கல்

பெருநாள் கழிந்து மாமியின் மகளுக்குக் கலியாணம். எங்கள் பக்கத்தில் கலியாணச் சாப்பாடு சஹனில்தான். பெரிய தட்டில் சோற்றைக் குவித்து, மேலே இறைச்சியும் கோழியும் வைத்து மூடி வரும், ஆறு பேர் சுற்றியிருந்து ஒரே தட்டில் தின்ன வேண்டும். பக்கத்து வாய் எதை எப்படி மெல்லுகிறது என்று எல்லாருக்கும் தெரியும். நான் அதற்கு ஒரு வழி வைத்திருந்தேன். இறைச்சியை விரலால் நாராகப் பிய்த்து, மற்றவர்கள் பக்கம் தள்ளிக் கொடுத்து, கடைசியில் மெல்லியதாக ஒன்றை நான் எடுத்துக்கொள்வேன். அதனால் கலியாண வீடுகளில் தாராள மனசுக்காரி என்று எனக்கு நல்ல பெயர்.

எனக்கு எதிரே என் தங்கச்சி நஸ்ரின். நான் சுகமாகி வந்த பிறகு பிறந்தவள். ஒரே உம்மா, ஒரே வாப்பா, ஒரே கிணற்றுத் தண்ணீர். பல் மட்டும் வேறு. எலும்பை வாயில் வைத்து நொறுக்கி உள்ளே இருப்பதை அவள் உறிஞ்சுகிற சத்தத்தைக் கேட்டால் எனக்குப் பசியே போய்விடும். அவளுக்கு நான் சொல்கிற மாஷா அல்லாஹ் கொஞ்சம் கூடுதலாக இருக்கும், தங்கச்சிக்கு ஒன்றும் வந்துவிடக் கூடாதே. அன்றைக்கும் சொன்னேன். சொல்லியும் எரிச்சல் அடங்கவில்லை. நானும் ஒரு பெரிய துண்டை எடுத்தேன். பிய்க்கவில்லை, மனுசர் கடிக்கிற மாதிரி முன்பல்லால் கடித்து இழுத்தேன்.

நோகவே இல்லை. இறைச்சியோடு என்னமோ போனது மட்டும் தெரிந்தது. பார்த்தால், என் இரண்டு முன்பல்லில் ஒன்று சோற்றுக்கு மேலே கிடக்கிறது. வேர் இல்லாத பல்லை நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள். சின்னதாக, மங்கிய வெள்ளையாக, ஒரு பக்கம் உருண்டு, அசல் கல்லுத்தான். இடது கையால் வாயைப் பொத்திக்கொண்டு அதை எடுக்கப் போனேன். அதற்குள் மாமி இரண்டு விரலால் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துவிட்டா. சஹனில் இருந்த எல்லாரும் அதைப் பார்த்தார்கள், ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. நஸ்ரின் மட்டும் பார்த்தாள். மெல்லுவதை நிறுத்திவிட்டு, தாருங்க மாமி எறிந்துவிட்டு வாறன் என்று வாங்கிக்கொண்டு எழும்பினாள். எறியவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தபோது என் கைப்பைக்குள்ளே ஒரு லேஞ்சித் துணியில் முடிந்து வைத்திருந்தாள். மாமி அதற்கிடையில் சமையல்காரரை உள்ளே கூப்பிட்டு நிறுத்திவிட்டா. "இந்தப் பெரிய கல்லுக் கெடக்கிறதும் தெரியாமயா அரிசி அரிச்ச நீங்க? என்ட மருமகள்ட பல்லு ஒடஞ்சிருந்தா ஆரு பதில் சொல்ற?"

சொல்லி அனுப்பிய பிள்ளை

ஒன்று போனதும் மற்றதும் நிற்கவில்லை. ஒரு காலையில் பிரஷோடு வந்துவிட்டது. எத்தனை துஆ! முகத்தைக் கண்ணாடியில் பார்க்காமல் மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். எனக்கு எலும்பு மெல்லியது, எலும்பில் திருகிப் பதிக்கிற பல் சரிவராது, கழற்றி மாட்டுகிற பிளேட் செய்யலாம் என்று டொக்டர் சொன்னா. பிளேட்டைப் பேரப்பிள்ளை கண்டவர்கள் போடட்டும் என்று நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அந்த நாட்களில்தான் சாய்ந்தமருதிலிருந்து ஸைனப் வந்தாள். எட்டு வயது. கூட்டி வந்த உம்மா எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னா. பிள்ளைக்கு மூன்று வயதில் இரத்தப் புற்றுநோய், மருந்தெல்லாம் முடிந்து இப்போது சுகம். ஆனால் அந்த மருந்து முளைக்கப் போகிற பல்லைப் பாதிக்கலாம், வேரையும் பாதிக்கலாம், அதனால் வளர்ந்து முடியும்வரைக்கும் பல் டொக்டரிடம் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும், ஃபுளோரைட் பூச வேண்டும், இனிப்பைக் குறைக்க வேண்டும் என்று சிகிச்சை செய்த டொக்டர் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

என் உம்மாவுக்கு இதில் ஒரு சொல்லை யாரும் சொல்லவில்லை. யாரையும் குற்றம் சொல்லவும் ஏலாது. அந்த நேரம் பிள்ளை உயிரோடு ஊர் திரும்பினால் போதும், பல்லைப் பற்றி யார் நினைத்தார்கள்? எனக்குப் பல் முளைக்காது என்பதே குமரான பிறகுதான் தெரியவந்தது. ஸைனபுக்கு எட்டு வயதில் எல்லாம் தெரிகிறது, பார்க்க ஆள் இருக்கிறது. மீன்பிடிக்காரக் காக்காமீதும் கம்பிப் பிள்ளைகள்மீதும் நஸ்ரின்மீதும் எனக்கு வந்ததெல்லாம் சும்மா வயித்தெரிச்சல். என் நோய் வந்த ஒரு சின்னப் பிள்ளைமீது வந்ததே, அதுதான் பொறாமை.

பயம் தெளியட்டும் என்று முதலில் ஸைனபின் உம்மாதான் கதிரையில் ஏறி வாயைக் காட்டினா. நல்ல பற்கள். வழக்கம்போல சொன்னேன். ஸைனபுக்குக் காது கூர்மை. உம்மாவுக்கு என்ன ஓதினீங்க என்று கேட்டாள். பிள்ளைகளிடம் எனக்குப் பொய் வராது. நல்ல பல்லைக் கண்டால் எனக்கு ஆசை வரும், கண்ணூறு படாமல் இருக்க மாஷா அல்லாஹ் சொன்னேன் என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு ஏறி இருந்தாள். டொக்டர் பார்த்தா, எக்ஸ்ரே எடுத்தா, ஃபுளோரைட் பூசினா. நான் குழாயைப் பிடித்தேன், அவ்வளவுதான். இறங்கிச் செருப்பை மாட்டும்போது ஸைனப் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "என்ட பல்லுக்கு மட்டும் நீங்க ஒண்டும் சொல்லல்லயே."

பிளேட்

அந்தச் சொல் என்னோடு வீட்டுக்கு வந்தது, தின்ன விடவில்லை, படுக்க விடவில்லை. எட்டு வயதுப் பிள்ளையின் வாயைப் பார்த்து எரிவதைவிடப் பிளேட்டே மேல் என்று, அடுத்த நாள் டொக்டரிடம் போய், பிளேட்டுக்கு அச்சு எடுங்க என்று சொன்னேன். இரண்டு பல் வைத்த பிளேட் வந்தது. போட்டுக்கொண்டேன், அதற்கு மேலே மாஸ்க்கையும் போட்டுக்கொண்டேன். பர்வினுக்குக்கூட காட்டவில்லை.

ஸைனபின் எக்ஸ்ரேயில் நான் பயந்ததுதான் இருந்தது. கீழே ஒரு பக்கம் பால்பல்லுக்கு அடியில் பெரிய பல் இல்லை. அந்தப் பால்பல்லிலும் பூச்சி விழத் தொடங்கிவிட்டது. அது போனால் அந்த இடத்துக்கு வேறு பல் வரப்போவதில்லை, உடனே அடைத்துக் காப்பாற்ற வேண்டும் என்று டொக்டர் உம்மாவுக்குப் பக்குவமாகச் சொன்னா. பிள்ளை வெளியே விளையாடுகிறாள் என்று பெரியவர்கள் நினைத்தார்கள். பிள்ளைகள் எங்கே விளையாடுகிறார்கள்? எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். அடைக்க வந்த நாளில் ஸைனப் கதிரையில் ஏறி, இரண்டு உதட்டையும் இறுக்கிக்கொண்டாள். உம்மா கெஞ்சினா, அதட்டினா, கடைசியில் முகத்தை மறுபக்கம் திருப்பிக் கண்ணைத் துடைத்தா. டொக்டர் பொறுமையாக நின்றா. அந்த வாய் திறக்கவில்லை. அந்தப் பல்லையும் விட்டால் அவள் எங்கே வந்து நிற்பாள் என்று அந்த அறையில் என் அளவுக்குத் தெரிந்த ஆள் இல்லை. அங்கேதானே நான் நிற்கிறேன்.

மாஸ்க்கைக் கழற்றினேன். பிளேட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, வெறும் முரசை அவளுக்குக் காட்டினேன். பர்வின் கதவடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், பார்க்கட்டும். ஸைனபிடம் காற்றுப் போகிற வாயோடுதான் கதைத்தேன். "ஒனக்கு வந்த அதே வருத்தம்தான் புள்ள எனக்கும். எனக்கு ஆரும் முன்னுக்குச் சொல்லல்ல, எல்லாம் போயிட்டு. ஒனக்கு இன்னும் இரிக்கி. எனக்கு ஒன்ட பல்லுல பொறாம, அதாலதான் அண்டைக்கு வாய் வரல்ல. இப்ப சொல்றன், மாஷா அல்லாஹ்."

அவள் என் வாயைப் பார்க்கவில்லை. என் கையில் இருந்த பிளேட்டைத்தான் பார்த்தாள். கழற்றி வைக்கலாமா என்று கேட்டாள். ஓம் என்றேன். பைப்பில் பிடித்துக் கழுவலாமா? ஓம். இது ஆடாதா, விழாதா? இல்லை என்று சொல்லி, போய்க் கழுவி, மாட்டிக்கொண்டு வந்து சிரித்துக் காட்டினேன். வெளி ஆட்களுக்கு முன்னால் அப்படிச் சிரித்து எவ்வளவு காலம் என்று எனக்கே ஞாபகமில்லை. அவள் கண்ணில் ஒன்று வந்தது. எனக்கு அந்தப் பார்வை நன்றாகத் தெரியும், இத்தனை வருடமாக நான் பார்த்த பார்வைதானே. பெருமூச்சு விட்டுக்கொண்டு கதிரையில் சாய்ந்தாள். டொக்டர் வெளிச்சத்தைத் திருப்பினா. வாயைத் திறப்பதற்கு முதல், என் இரண்டு பல்லையும் இன்னொரு தடவை பார்த்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னாள். "மாஷா அல்லாஹ்."

ஊரார் பல்லுக்கெல்லாம் கண் வைத்துத் திரிந்த எனக்குக் கடைசியில் கண் வைக்கவும் ஒருத்தி கிடைத்தாள், அதுவும் அச்சில் வார்த்து வந்த இரண்டு பல்லுக்கு.